மேல் கோட்டிலிருந்து முப்பது மீற்றர்

எங்கள் பாடசாலை மைதானத்தின் நடுவில் பந்தை வைத்தால் அது நிற்காது. தானாக உருண்டு ரோட்டுப் பக்கத்துக் கோலுக்குப் போய்விடும். அதனால் ஆட்டம் தொடங்கும்போது ஒருத்தி பந்தின் மேல் காலை அழுத்திக்கொண்டு நிற்பாள், நான் விசில் ஊதியதும் காலை எடுப்பாள். ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் பக்கமாக ஏறுகிற மலையில் சமமான நிலத்துக்கு எங்கே போவது? தோட்டத்துத் துரை ஒருவர் எந்தக் காலத்திலோ ஒதுக்கிக் கொடுத்த இடம் அது. தேயிலை வைக்க உதவாது என்றுதான் கொடுத்திருப்பார். வெளியிலிருந்து வரும் அணிகள் அதைப் பார்த்து முகம் சுளிக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் கிடையாது. நாணயம் சுண்டி வென்றால் மேல் பக்கத்தைக் கேட்பார்கள். இடைவேளைக்குள் இரண்டு கோல் போட்டுவிட்டு மிச்ச நேரமெல்லாம் மறித்து ஆடுவார்கள்.

நான் அங்கே உடற்கல்வி டீச்சராகப் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. முப்பது மீற்றர் ஓட்டத்துக்கு நேரம் எடுக்கும் கோடு எனக்கு முன்னிருந்த ஆசிரியர் காலத்திலேயே மேல் கோலுக்குப் பக்கத்தில் போடப்பட்டிருந்தது. அங்கிருந்து கீழே ஓட வேண்டும். மலையிலிருந்து இறங்கும் காற்றும் சேர்ந்து முதுகில் தள்ளும். கீழேயிருந்து மேலே ஓடவிட்டால் பிள்ளைகள் மூச்சிரைத்து முகம் வாடிப்போய் நிற்பார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. ஆகவே ஒவ்வொரு வருடமும் அதே கோட்டின் மேல் நானும் சுண்ணாம்பைக் கொட்டினேன். இது ஏமாற்று என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன். எல்லாரும் ஒரே சரிவில்தானே ஓடுகிறார்கள், யார் முந்தி யார் பிந்தி என்று தெரிந்தால் போதாதா என்று கேட்டிருப்பேன். எங்களுக்குள் வைத்துக்கொள்ள அது போதும்தான்.

போன வருடம் கொழும்பிலிருந்து ஒரு பெண்கள் உதைபந்தாட்டக் கழகம் பாடசாலை முடித்த பிள்ளைகளைத் தேடியது. எடுபட்டால் விடுதி, சாப்பாடு, பயிற்சி, கூடவே ஒரு வேலை. முதலில் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். அதில் சரியாக இருப்பவர்களைக் கூப்பிட்டு உடல் திறனைச் சோதிப்பார்கள். எங்கள் வலது பக்க முன்கள ஆட்டக்காரி அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவளை மற்றப் பாடசாலை டீச்சர்மார்கூட மைதானத்து ஓரத்துக்கு வந்து நின்று பார்ப்பார்கள். பந்து இல்லாமல் ஓடுகிற அதே வேகத்தில் பந்தோடும் ஓடுவாள். ஆட்டம் முடிந்து மற்றவர்கள் புல்லில் விழுந்து கிடக்கும்போது இவள் போய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவாள்.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். உயரம், நிறை, ஆடும் இடம். முப்பது மீற்றருக்கு எவ்வளவு நேரம் என்று ஒரு கட்டம். என் கொப்பியைப் பார்த்து நாலரை செக்கன் என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் என்ன தரை என்று கேட்டிருந்தது. புல் என்று எழுதினேன். சரிவா சமமா என்று அந்தப் படிவம் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று அன்று பேனாவை மூடும்போது நினைத்தேன். நினைத்ததை நான் மறக்கவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்று இப்போது சொன்னால் அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை.

சோதனைக்குக் கலேவெலவுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே சிக்கலும் வந்தது. அதே நாளில், அதே காலையில், தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நேர்முகம். உயர்தரம் படித்த பிள்ளை தொழிலாளர் லயத்து வீடுகளிலேயே வேறு இருக்கவில்லை. போனால் அநேகமாக அவளுக்குத்தான். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டாமல் இருப்பதற்கு இந்த இரண்டு வழிகள்தான் அவளுக்கு இருந்தன. இரண்டிலும் ஒரே நாளில் நடக்க முடியாது.

அவளுடைய அம்மா வேலை முடிந்து அப்படியே என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டிய படங்கு சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. உள்ளே வரச்சொன்னேன், வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், எனக்கு இந்த பந்து வெளாட்டெல்லாம் ஒன்னும் வெளங்காது. மடுவத்து வேலன்னா கண்ணுக்கு முன்னால இருக்கு. நீங்க என்னா சொல்றீங்க?"

"மடுவத்து வேல நல்ல வேலதான். ஆனா இவ ஓட்டத்துக்கு அவங்க விடமாட்டாங்க. நான் நேரம் எடுத்து வச்சிருக்கேன்."

"நெசமாவா?"

"எழுதி அனுப்பியும் இருக்கேன். அத பாத்துத்தானே கூப்புட்டாங்க."

"அப்ப சரிங்க டீச்சர். நீங்க சொன்னா சரி," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சோதனை நாளன்று நானும் அவளும் முதல் பஸ்ஸில் மாத்தளைக்கு இறங்கி, அங்கிருந்து தம்புள்ளை பஸ், பிறகு கலேவெல பஸ். மலையில் ஸ்வெட்டரோடு ஏறியவள் நாவுல தாண்டும்போதே அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கலேவெலவில் இறங்கியபோது காலை ஒன்பது மணிக்கே வெயில் சுட்டெரித்தது. மைதானத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தப் படிவம்தான் ஞாபகம் வந்தது. தரை மேசை மாதிரி இருந்தது. இந்தக் கோலிலிருந்து பார்த்தால் அந்தக் கோலின் அடிக்கட்டை தெரிந்தது. அவள் சந்தோஷமாக, "டீச்சர், இங்க பந்து ஓடாம நிக்கும்," என்றாள்.

சோதிக்க வந்தவர் நடுத்தர வயதுச் சிங்களவர், தொப்பி போட்டவர், மரியாதையான மனிதர். பிள்ளைகளின் உயரம், நிறை பார்த்தார். நின்ற இடத்திலிருந்து எம்பச் சொல்லிச் சுவரில் சுண்ணாம்புக் கைபட்ட இடத்தை அளந்தார். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே போனது. பிறகு ஓட்டம். ஸ்டொப்வோட்ச் எதையும் அவர் கையில் எடுக்கவில்லை. தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் முக்காலிகளில் சின்னச் சின்னக் கருவிகளை வைத்திருந்தார். ஆள் குறுக்கே போனால் அவையே நேரத்தைக் காட்டும். யாருடைய விரலுக்கும் அங்கே வேலையில்லை.

எங்கள் பிள்ளை ஓடினாள். நாலு தசம் ஒன்பது. அவர் படிவத்தைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், இன்னொரு தடவை ஓடச் சொன்னார். அதே நேரம். மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள், இன்னும் கொஞ்சம் பிந்தியது. அவர் அவளுடைய அடையாள அட்டையைக் கேட்டார். படிவத்தில் இருக்கும் பிள்ளைதானா இது என்று அவருக்குச் சந்தேகம். அவள் பையைத் துழாவி அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். அதை நான் பத்தடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக, ஒலி கேட்கக் கேட்க இரண்டு கோடுகளுக்கு நடுவே போய் வந்து ஓடும் சோதனை. போகப்போக வேகம் கூடும். ஒவ்வொருத்தியாக விலகிப் போனார்கள். கடைசியில் இவள் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள், அந்த வெயிலிலும். மலையில் ஏறி இறங்கி வளர்ந்த மூச்சு. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அவள் நின்றதும் நேராக என்னிடம் வந்தார்.

சிங்களத்தில்தான் பேசினோம். இந்தப் பிள்ளை களைக்கவே மாட்டேன் என்கிறது, ஆனால் ஓட்டம் நீங்கள் எழுதியதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை, ஒன்று படிவம் பிழை, இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது, எது என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்ட கேள்வி. பதில் என் வாய்க்குள்ளேயே இருந்தது. எங்கள் மைதானம் சரிவு, சேர். நாலே நாலு வார்த்தை. பக்கத்தில் யட்டவத்தயிலிருந்து வந்த டீச்சர் ஒருவர் தன் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தார், காது இந்தப் பக்கம்தான். இத்தனை வருடமும் சரிவில் ஓடவிட்டு எழுதியவள் என்று நாளைக்கு மாவட்டம் முழுக்கப் பேசுவார்கள் என்று நினைத்தேன். வெட்கம். அவ்வளவுதான், அதற்கு வேறு பெயர் கிடையாது.

புது ஆட்களைக் கண்டால் அவளுக்குக் கொஞ்சம் பதற்றம் வந்துவிடும் என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டு எழுதினார். எழுதி முடித்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார். படிவம் பிழை என்றால்கூட எனக்குப் பெரிய விஷயமில்லை, டீச்சர்மார் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள், இந்த மூச்சுக்கு நடுக்களத்தில் போட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் ஆட்களுக்கு முன்னால் ஒடுங்கிப்போகும் பிள்ளையை என்ன செய்வது? அதை எங்களால் திருத்த முடியாது என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிடும் வரைக்கும் நேரம் இருந்தது. நான் "ஸ்துதி" என்று நன்றி சொன்னேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். தம்புள்ளையை நெருங்கும்போது என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"டீச்சர், ஒங்க பேர கெடுத்துட்டேன்."

"அப்புடியெல்லாம் இல்ல புள்ள. யானைக்கும் அடி சறுக்கும்."

"காலு வரவே இல்ல டீச்சர். நம்ம கிரவுண்டுல வர்ற மாதிரி காத்துல போற மாதிரி வரல. பயந்துட்டேன் போல."

"போனது போகட்டும்," என்றேன். வீட்டுக்கு வந்து சமைக்கக்கூட மனமில்லாமல் படுத்துவிட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்வார்கள். இரண்டும் எந்தெந்த இடத்தில் இருந்தன என்று எனக்கு மட்டும் தெரியும்.

மடுவத்து வேலை தோட்டத்தின் பக்கத்து டிவிஷன் பிள்ளை ஒருத்திக்குப் போனது. அடுத்த மாதம் இவள் தோட்டத்தில் பெயர் பதிந்துகொண்டு கொழுந்து எடுக்கப் போனாள். ரோட்டில் கண்டால் சிரிப்பாள். நான்தான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பது போல நடையைக் கூட்டுவேன்.

இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம், பயிற்சி முடிந்து பிள்ளைகள் போன பிறகு, அவள் மைதானத்துக்கு வந்தாள். கொழுந்துக் கறை படிந்த விரல்கள். காலில் பழைய பூட்ஸ்.

"ஒரு தடவ நேரம் எடுங்க டீச்சர். பாத்துக்கிறேன்."

மேல் கோட்டில் போய் நின்றாள். நான் முடிவுக் கோட்டில் நின்று தூக்கிய கையைக் கீழே விட்டேன். ஓடி வந்தாள். நாலரை. வேலைக்குப் போய் வந்த களைப்பிலும் நாலரை. வோட்சைக் காட்டினேன். அவள் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு அதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே அழத் தொடங்கினாள்.

"இங்க வருது. பாருங்க, இங்க வருது. அப்ப அங்க எனக்கு என்னா ஆச்சு? தெனமும் ராவுல அத நெனச்சுத்தான் படுக்கிறேன். நான் என்னா அவ்வளவு பயந்தாங்கொள்ளியா டீச்சர்?"

இதற்கு மேலும் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. விளையாட்டு அறையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்தேன். மைதானத்துக்குக் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, சரிவு இல்லாத பக்கமாக முப்பது மீற்றர் அளந்து இரண்டு பக்கமும் கல் வைத்தேன். ஓடு என்றேன். ஏன் என்று கேட்காமல் ஓடினாள். வோட்சை அவள் கையிலேயே கொடுத்தேன்.

நாலு தசம் ஒன்பது.

அவள் வோட்சைப் பார்த்தாள். மேல் கோட்டைப் பார்த்தாள். கீழ்க் கோலைப் பார்த்தாள். இந்த மைதானத்திலேயே வளர்ந்த பிள்ளை, விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு அங்கயே தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"அந்த சேர் ஒங்ககிட்ட வந்து பேசுனாரே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும். நான் சொல்லல. எனக்கு வெக்கமா இருந்துச்சு. நீ பயந்துட்டன்னு சொல்லிட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் வோட்சை என் கையில் திருப்பிக் கொடுத்தாள், பூட்ஸைக் கழற்றி லேஸ் இரண்டையும் முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லிருங்க," என்றாள். "நான் சொன்னா நம்பாது."

அப்போதே கூடப் போனேன். நாளைக்கு என்று விட்டால் போகமாட்டேன் என்று எனக்கே தெரியும். லயத்து வாசலில் அவளுடைய அம்மா விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தியைப் போட்டுவிட்டுக் கதிரையைத் துடைத்து வைத்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மைதானம், கோடு, படிவம், அந்த மனிதர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். முடித்ததும் அவர் உள்ளே மகள் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு பஸ்ஸவிட்டு எறங்கி வந்தோன்ன நான் அவள அடிச்சிட்டேன் டீச்சர். வெறகு கட்டையால. ஒனக்காக அவ்வளவு பாடுபட்ட டீச்சர் பேர கெடுத்துட்டு வந்து நிக்கிறியேன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன்."