மூக்குக் கோப்பை

என் மேசைமேல் ஒரு பீங்கான் கோப்பை இருக்கிறது. கிண்டிச் செம்புக்கு இருப்பதுபோல் அதற்கும் ஒரு மூக்கு உண்டு; படுத்திருப்பவர் தலையைத் தூக்காமலே குடிக்கலாம். வீட்டுக்கு வருகிறவர்கள், இதில் பூ வைத்தால் அழகாயிருக்குமே என்கிறார்கள். பூவாவது மண்ணாவது. எனக்கு அதைப் பார்த்தால் ஒரு மாமியாரின் முகம்தான் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்சாக இருந்தேன். ஒரு பங்குனிக் காலையில், அக்கானி என்கிற பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் வீட்டிலிருந்து ஓர் இளம்பெண்ணை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். கொதிக்கும் பாகு கவிழ்ந்து கழுத்தும் மார்பும் கைகளும் வெந்துபோயிருந்தன. கட்டியவன் கொழும்பில் வேலையாக இருந்தான். கூட வந்தது மாமியார் மட்டும். டாக்டர் தேயிலைக் கஷாயத்தில் நனைத்த துணியைப் புண்ணில் போடச் சொன்னார். "புண்ணை அப்புறம் பார்க்கலாம், முதலில் இவள் உடம்பில் தண்ணீர் நிற்கவேண்டும்" என்றார். உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரை இந்தக் கோப்பையில் ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்படி மாமியாரிடம் சொல்லிவிட்டு நான் மற்றக் கட்டில்களுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் கோப்பை நிறைந்தபடியே இருக்கிறது. "வெள்ளம், மாமி, வெள்ளம்" என்று தண்ணீர் கேட்டு அவள் அனத்திக்கொண்டிருக்கிறாள். மாமியார் கோப்பையை மடியில் வைத்து முந்தானையால் மூடியிருக்கிறார். மருமகளைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறாள் என்று பக்கத்துக் கட்டிலில் முணுமுணுப்பு. எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"பிள்ளயக் கொல்லப் பாக்கியளா?" என்றேன்.

"வெந்த உடம்புக்கு வெள்ளம் ஆகாது நர்சம்மா. புண்ணு அழுவிப் போவும். உப்பு அதவிட ஆகாது. அவ கேக்கது எனக்குக் காதுல விழல்லண்ணா நெனச்சிய?"

குரல் கரகரத்தது. அப்போதுதான் அவர் உதடுகளைப் பார்த்தேன். வெடித்து, ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. நீங்கள் எப்போது குடித்தீர்கள் என்று கேட்டேன்.

"அவ குடிக்காம நான் எப்பிடிக் குடிப்பேன்?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாருமே அப்படித்தான் நம்பினார்கள். அவரை மட்டும் என்ன சொல்ல? மருமகளுக்குக் கீழே விரித்திருந்த துணியை மெல்ல உருவி, அவர் கண்முன்னாலேயே ஒரு கிண்ணத்தில் பிழிந்தேன். மஞ்சள் நீர் ஒழுகியது. பிழியப் பிழிய ஒழுகியது.

"இது அவ உடம்புக்குள்ள இருந்த வெள்ளமாக்கும். கண்ணீரு கரிக்கும்லா, இதுவும் அப்பிடித்தான். போனதத்தான் திருப்பிக் குடுக்கச் சொல்லுகாரு டாக்டர்."

அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பையின் மூக்கை மருமகளின் வாயோரம் வைத்து, "வாயத் தொற மக்கா" என்றார். அவள் குடித்தாள், வாந்தியெடுத்தாள், மறுபடி குடித்தாள். டாக்டர் தொடையில் ஊசி செருகி, தோலுக்கடியிலும் உப்பு நீர் ஏற்றினார். வீங்கிய தொடையை மாமியார் தடவிக்கொண்டே இருந்தார். டாக்டர் வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: சிறுநீர் போயிற்றா? போனால்தான் உடம்பில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். வெயில் தாழ்ந்த நேரத்தில் மாமியார் வார்டுக்கே கேட்கும்படி, "எக்க பிள்ள மோண்டுட்டா" என்றார். முணுமுணுத்தவள்கூடச் சிரித்துவிட்டாள். அதன்பிறகுதான் மாமியார் ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மருமகள் பிழைத்தாள். சில வருஷங்கள் கழித்து, கழுத்துத் தழும்பைச் சேலையால் மறைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். "மாமிக்கு ஒண்ணும் எறங்க மாட்டேங்குது. அந்த மூக்குக் கோப்பயத் தருவியளா?" கொடுத்தனுப்பினேன். கொஞ்ச நாளில் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொண்டுவந்தாள். "கடேசி வாய் வெள்ளம் நான்தான் குடுத்தேன்" என்றாள். குரல் கரகரத்தது. உதடுகளைப் பார்த்தேன். வெடித்திருந்தன.

அந்தக் கோப்பையிலேயே தண்ணீர் ஊற்றி, அவள் வாயோரம் வைத்தேன்.

இதில் போய் எப்படிப் பூ வைப்பது?