இல்லை என்று சொன்ன வாரம்

அடையாற்றில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது அந்த மனநல ஆலோசனை அறை. அது எனக்கு வசதியாகப் போயிற்று. தெரிந்தவர் யாராவது படியில் பார்த்தால் பல் வலி என்று சொல்லிவிடலாம். தி.நகரில் அண்ணனும் நானும் ஜவுளிக்கடை வைத்திருக்கிறோம். சுற்றிலும் எங்கள் திருநெல்வேலிக்காரர்கள்தான். ஒருவர் காதில் விழுந்தால் ஊர் வரைக்கும் போய்விடும்.

அப்போது எட்டு வருடமாக எனக்கு எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தது. அழுததில்லை, கடைக்கு மட்டம் போட்டதில்லை. முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்களிடம் சேலையை விரித்துப் போட்டுச் சிரித்துப் பேசுவேன். அவர்கள் படியிறங்கியதும் முகம் தானாகத் தொங்கிவிடும். எங்கள் டாக்டர் தைராய்டு பார்த்தார், சர்க்கரை பார்த்தார். ஒன்றும் இல்லை. "இது நாள்பட்ட மனச்சோர்வு. பேசிப் பேசியே சரி பண்றவங்க இருக்காங்க, போய்ப் பாருங்க" என்று முகவரி எழுதிக் கொடுத்தார்.

கவுன்சிலர் அம்மாவுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். முதல் மூன்று வாரம் வியாபாரத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசியே நேரத்தை ஓட்டினேன். நான்காவது வாரம் அவர் கேட்டார்.

"ரொம்ப நாள் இப்படியே இருந்தா, சில பேருக்கு உயிரோட இருக்க வேணாம்னு தோணும். உங்களுக்குத் தோணியிருக்கா சார்?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல மேடம்."

தலையசைத்து ஏதோ எழுதிக்கொண்டார். கீழே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். ஆமாம் என்றால் போலீசுக்குச் சொல்வார்களோ, பிடித்து ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவார்களோ என்று பயந்துதான் பொய் சொன்னேன். இப்போது அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது. அவர் நம்பிவிட்டாரே! இனி யார் கேட்கப் போகிறார்கள்?

அந்த எண்ணம் அதுவரை வந்து வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. இன்னொருவர் வாயிலிருந்து கேட்ட பிறகுதான் அது நிஜம் என்று தெரிந்தது. அந்த வாரம் முழுக்க நான் தனியாக இருக்கவே பயந்தேன். சாப்பாட்டு நேரத்தில்கூடக் கடையில் ஆட்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த வாரம் உட்காருவதற்கு முன்பே சொன்னேன்: "போன தடவ நான் சொன்னது பொய் மேடம்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "சரி. இப்ப சொல்லுங்க."

எவ்வளவு நாளாக, எத்தனை தடவை, செய்வதற்கு ஏதாவது யோசித்து வைத்திருக்கிறேனா என்று நிதானமாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். போலீஸ் வரவில்லை. மனநல மருத்துவர் ஒருவரையும் பார்க்கச் சொன்னார். பிறகு, "வீட்டுல ஒருத்தருக்காவது இது தெரியணும். யார்கிட்ட சொல்லலாம்?" என்றார்.

மனைவியிடம் சொல்ல நான் பயந்த மாதிரி சாவுக்குக்கூடப் பயந்ததில்லை. கடைசியில் அவளைக் கவுன்சிலரின் அறைக்கே அழைத்துப் போய், முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொல்லி முடித்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "போன ஆடியிலயே தெரியும். மொட்டை மாடியில நீங்க நின்ன நிலை எனக்குச் சரியாப் படல. மாடிச் சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொன்னேன்லா? தொலையல. அன்னையிலிருந்து என் இடுப்புலதான் கிடக்கு."

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா? அதுக்கப்புறம் நான் என்ன செய்யணும்னு எனக்குத் தெரியலயே."

அப்போதுதான் அவள் அழுதாள். எட்டு வருடத்தில் முதல்முறையாக நானும் அழுதேன்.

இரண்டு வருடமாகிறது. சில மாதம் மாத்திரையும் சாப்பிட்டேன். நடுவில் ஒருமுறை, என் அப்பாவைப் பற்றிக் கவுன்சிலர் கேட்டதற்குக் கோபப்பட்டு ஒரு மாதம் போகாமல் இருந்தேன். பிறகு நானாகவே போனேன். அந்த எண்ணம் இப்போது அநேகமாக வருவதில்லை. வந்தால் மனைவியிடம் சொல்கிறேன். அவளும் பயப்படுகிறாள், ஆனால் கேட்கிறாள்.

சென்ற மாதம் பையனுடைய பள்ளி விளையாட்டு விழாவில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. வீட்டுக்கு வருகிற வழியிலேயே பயம் பிடித்துக்கொண்டது. இந்தச் சந்தோஷம் எத்தனை நாளைக்கு? கவுன்சிலரிடம் கேட்டேன். "தெரியாது சார்" என்றார். அவர் அப்படி உண்மையைச் சொன்னது ஏனோ ஆறுதலாக இருந்தது.

அண்ணனுக்கு இன்னும் தெரியாது. சொல்ல வேண்டும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை கவுன்சிலரிடம் அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.