ஃப்ரீசரில் வைத்த குழாய்

லேபில் அவளுக்கு 'அரைத்தூக்கம்' என்று பட்டப்பெயர். பாவம், தூங்குகிறவள் இல்லை. ரத்தத்தைச் சுழற்றும் இயந்திரம் நின்றதும் சிவப்பெல்லாம் குழாயின் அடியில் தங்கி, மேலே சீரம் பொன்னிறமாய்த் தெளிந்து நிற்கும். அதை வெளிச்சத்தில் பிடித்துக் கண் சொக்கிப்போவாள். அந்தச் சீரத்தில் கொழுப்பைச் சுமந்து மிதக்கும் துகள்கள் அவளுக்குப் படகுகள். சரக்கு நாலு பெரிய படகில் போனால் ஆறு அமைதியாக இருக்கும். அதே சரக்கு நாற்பது சின்னப் படகில் போனால் கரையை இடித்துக்கொண்டே போகும். சாதாரண டெஸ்ட் சரக்கை மட்டும்தான் எடை போடும். அவளுடைய இயந்திரம் படகுகளை எண்ணும். பதினெட்டு வருடத்தில் அவள் ஒரு குழாயைக்கூடக் கெடுத்ததில்லை.

அப்பா நாற்பத்தாறு வயதில், 'கொழுப்பு சரியான அளவு' என்ற ரிப்போர்ட் சட்டைப்பையில் இருக்க, மாடிப்படியில் சரிந்து போய்ச் சேர்ந்தார். அன்றைக்குப் படகுகளை எண்ண ஆளில்லை. தம்பிக்கு இப்போது நாற்பத்தைந்து. ஊசி என்றாலே காத தூரம் ஓடுகிறவனைக் கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்தாள்.

"ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கேன். எனக்கு எங்கேருந்துக்கா கொழுப்பு?"

"வாயில இருக்கே, அது போதாதா? கையை நீட்டு."

மறுநாள் காலை ஃப்ரிட்ஜ் தட்டில் அவனுடைய குழாயைக் காணோம். ஃப்ரீசரில் இருந்தது, கல்லாய் உறைந்து. இந்த டெஸ்டுக்கு சீரம் குளிரலாம், உறையக் கூடாது. உறைந்தால் துகள்கள் சிதைந்துவிடும், எண்ணிக்கையை நம்ப முடியாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் முதலில் சொல்வதே இதுதான்.

"யாரு அக்கா இதை இங்க வெச்சது?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"நான்தான்."

ஃப்ரீசர் கதவைத் திறந்தது கனவில் நடந்ததுபோல் மெல்ல நினைவுக்கு வந்தது. கை தவறவில்லை. தெரியாமலே இருந்துவிட்டால் தம்பி இப்படியே சிரித்துக்கொண்டிருப்பான் என்று அந்தப் பாழாய்ப்போன பயம்தான் கையைப் பிடித்து அங்கே வைக்கச் சொல்லியிருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"மறுபடியுமா? நீ கெடுத்ததுக்கு நான் குத்து வாங்கணுமா?"

"பயந்துட்டேன்டா. உனக்கும் அப்பா மாதிரி ஆயிடுமோன்னு."

"வரேன்க்கா," என்றான்.

இந்த முறை எண் திரையில் வரும்வரை இடத்தைவிட்டு அசையவில்லை. சரக்கின் எடை சரியாகத்தான் இருந்தது. படகுகள் இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு. உட்கார்ந்து நன்றாக அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அவனை டாக்டரிடம் தரதரவென்று இழுத்துப்போனாள். மாத்திரை, நடை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்க ஊசி. அவன் முனகிக்கொண்டே வந்தான். படகுகளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன.

நாற்பத்தேழு பிறந்த அன்று காலையிலேயே போன் வந்தது.

"அக்கா, இன்னையிலேருந்து நான் அப்பாவைவிடப் பெரியவன். மரியாதையாப் பேசு."

அவன் பிறந்ததிலிருந்து வாடா போடா என்றே கூப்பிட்டவள், கையிலிருந்த குழாயைத் தட்டில் வைத்துவிட்டு, "சரிங்க" என்றாள்.