பத்து லிட்டர் என்று எழுதிய பக்கம்

கஜிதானி நோபுயே அக்காவுக்கு எண்பத்து மூன்று வயது. ஒசாகாவுக்கு வடக்கே மினோவில், ஓர் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் பெப்டைடு செய்தவர். வாரத்தில் நான்கு மதியம் அவரைப் பார்த்துக்கொள்ளப் போவேன்.

குடிப்பது அவருக்கு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இரண்டு முறை நிமோனியா வந்தாயிற்று. மூன்றாவது வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேநீரில் கெட்டியாக்கும் பொடி கலந்து கூழாக்கித்தான் தரவேண்டும். அக்கா தொடவே மாட்டார்.

"தண்ணி விடும்மா. கெட்டியா இருந்தா ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும்."

"தேத்தண்ணி யாரையும் பிடிக்காது. வாயைத் திறங்க அக்கா."

"நீ எங்க கூடத்துக்கு வந்திருந்தா ஒரே நாள்ல துரத்தியிருப்பேன்."

"அதான் வரல."

அப்போது மழைக்காலம். ஜன்னலோரக் காலி நாற்காலியில் துண்டை வைத்தால் எடுக்கச் சொல்வார். "எங்க கூடத்துத் தலைவர் சுகாயா சார் உக்காந்திருக்கார். ஷூ சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு."

"வீட்டுக்குள்ள ஷூவோடயா? கழட்டச் சொல்லுங்க."

அக்கா சிரிக்கவில்லை.

மூன்று நாளாக அரை கோப்பைகூட இறங்கவில்லை. உதடு வெடித்துவிட்டது. நான்காம் நாள் கேட்டேன்: "அந்தச் சாருக்கு என்னதான் வேணுமாம்?"

அலமாரியைக் காட்டினார். பழைய ஆய்வுக் குறிப்பேடு இருந்தது. பக்கத்தைத் தேடி எடுத்து, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்த இழை. தலையையும் வாலையும் இணைத்தால் வளையம். நிறையக் கரைப்பானில் விட்டால்தான் ஒவ்வோர் இழையும் தனித்து நின்று தன் வாலையே பிடிக்கும். நெருக்கிவிட்டால் பக்கத்து இழையோடு சேர்ந்து இரட்டிப்பு வளையமாகிவிடும்.

"பத்து லிட்டர்ல விடணும். அதை ஆவியாக்க ரெண்டு நாளாகும். மறுநாள் முன்னோர் திருநாள் லீவு. ஒரு லிட்டர்ல விட்டுட்டுப் பத்துன்னு எழுதிட்டேன்."

"சோதிக்க மாட்டாங்களா?"

"வளையத்தை உடைச்சு அமிலங்களை எண்ணுவோம். ஒத்தையானாலும் இரட்டையானாலும் விகிதம் ஒண்ணுதானே! சுகாயா சார் அப்படியே அறிக்கை போட்டார். ஒரு வருஷம் கழிச்சு வேற கூடத்துல இரட்டைன்னு கண்டுபிடிச்சாங்க. சார் என்கிட்ட வந்து, 'பத்துதானே நோபுயே?'ன்னார். ஆமான்னேன்."

அறிக்கை பொய்யென்று ஆனதில் வேலையை விட்ட சுகாயாவை அடுத்த மழைக்காலத்தில் யோதோ ஆற்றிலிருந்து பிணமாக எடுத்தார்களாம்.

"தப்பா எழுதினா உங்க கூடத்துல என்ன செய்வீங்க?"

"அழிக்கக் கூடாது. ரெண்டு கோடு போட்டு, மேல சரியானதை எழுதி, முத்திரை வைக்கணும்."

"அப்ப வைங்க."

"நாப்பத்தாறு வருஷம் கழிச்சா?"

"மை இன்னும் காயல அக்கா, ஈரமாத்தான் இருக்கு. ஜன்னலோரமா அந்த ஷூவைப் பாருங்களேன்."

பேனாவையும் முத்திரையையும் எடுத்துக் கொடுத்தேன். மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டேன்; அழுத்தியது அவர்தான். பத்தின் குறுக்கே இரண்டு கோணல் கோடு, அதற்கு மேலே 'ஒன்று', சிவப்பாக அவர் பெயர். பக்கத்தை நாற்காலியின் பக்கம் திருப்பிப் பிடித்தார். கை ஓய்கிற மட்டும் பிடித்திருந்தார்.

பிறகு கூழ்த் தேநீரை ஒன்பது கரண்டி குடித்தார். பராமரிப்பு ஏட்டில் குறித்துக்கொண்டேன்.

கிளம்பும்போது நாற்காலியின் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. துடைத்தேன். துண்டை நாற்காலிமேல் வைத்தேன். அக்கா எடுக்கச் சொல்லவில்லை.