சாய்ந்து நிற்கும் ஓசூர்

என் ஓரகத்தியின் ஓவியத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது? முறையாகப் படித்துவிட்டு ஓசூரில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருப்பவள் நான். அவள் என் கொழுந்தனாரைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்தவள். ராயக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், பத்தாவதோடு நின்ற படிப்பு, சூளகிரியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை.

வீட்டு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயின்ட்டை எடுத்து, பழைய பிளைவுட் பலகை ஒன்றில் அந்தப் படத்தைப் போட்டாள். மேம்பாலம் ரத்தச் சிவப்பு. வானம் மஞ்சள் காமாலை கண்ட மாதிரி. கட்டடங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, இதோ சாலையில் விழப்போகிறோம் என்று நிற்கின்றன. கம்பெனி பஸ்ஸின் ஜன்னல்களில் வரிசையாக முகங்கள். ஒன்றுக்கும் கண் இல்லை.

"ஸ்கேல் வெச்சுக் கோடு போடு. எந்த ஊர்ல கட்டடம் இப்படிச் சாயுது?" என்றேன்.

அவள் சிரித்தாள். ஆனால் பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது நல்ல படம். இத்தனை வருடமாக நான் வரைந்த மலை, சூரியன், தென்னைமரம் எதன் முன்னாலும் யாரும் ஒரு நிமிடம் நின்றதில்லை.

அவள் கம்பெனியின் குடும்ப விழாவில் அந்தப் படத்தை மாட்டினார்கள். விருந்தாளியாக வந்திருந்த பெங்களூர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, அங்கே நடக்கும் கண்காட்சியில் வைக்கக் கேட்டார். கூடவே ஓவியரின் பின்னணி என்று ஒரு பக்கமும் வேண்டுமாம். தாளை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"எனக்கு நாலு வரி சேர்ந்தாப்புல எழுத வராதுக்கா. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

எழுதினேன். அம்மாவோடு ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளிக் கூடை சுமந்தது, பள்ளியை விட்டது, கம்பெனியில் சேர்ந்தது. எல்லாம் உண்மை. கடைசி வரி மட்டும் பொய்: 'இவருக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தவர் இவருடைய ஓரகத்தி.' அவளிடம் படித்துக்காட்டாமலே அனுப்பிவிட்டேன்.

கண்காட்சியில் படத்துக்குப் பக்கத்தில் அதைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். அவள் எழுத்துக்கூட்டாத குறையாக மெதுவாகப் படித்தாள். கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

அதற்குள் அந்தப் பெங்களூர்க்காரர் இன்னார் என்று எங்களைக் கைகாட்ட, நரைத்த தலையோடு ஓர் அம்மாள் வந்து, தமிழும் கன்னடமுமாக என்னைக் கேட்டார்: "டீச்சர், நீங்கதானே கத்துக் கொடுத்தது? கட்டடம் யாக்கெ, ஏன் இப்படிச் சாய்ஞ்சு நிக்குது?"

எனக்கென்ன தெரியும்? நான் ஒருநாளும் அவளிடம் கேட்டதே இல்லை.

"நைட் ஷிப்ட் முடிஞ்சு காலைல வர்றப்ப தல நிக்காதுங்க மேடம்," என்று என் ஓரகத்தி முந்திக்கொண்டாள். "பஸ் ஜன்னல்ல சாய்ஞ்சுக்கிட்டே வருவேன். ஊரு அப்படித்தான் தெரியும். அக்காகிட்ட சொன்னேன். உனக்கு எப்படித் தெரியுதோ அப்படியே போடுன்னுட்டாங்க."

அந்த அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பாராட்டினார். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ் அத்திப்பள்ளி தாண்டியது. என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏன் அப்படிச் சொன்ன?" என்றேன்.

"நாலு பேரு முன்னாடி உங்கள விட்டுக் குடுக்க முடியுங்களாக்கா?" என்றவள், வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினாள்.

படத்தின் மேல் வந்த பொறாமையைக்கூடத் தாங்கிக்கொள்ள முடிந்தது. நான் படித்தவள், நாளைக்கே உட்கார்ந்தால் நானும் போட்டுவிடுவேன் என்று சொல்லிச் சமாளித்துவந்தேன். இந்த ஒரு வார்த்தைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், அந்த அம்மாள் முன்னாலேயே போட்டு உடைத்திருப்பேன்.