உறை போட்ட காரும் ஊர் சுற்றும் காரும்

பல்செட் செய்கிறவருக்குத் தன் சகலையைப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். பிடிக்கும். சகலை தன்னைவிட ஒரு படி கீழே இருந்தவரைக்கும் ரொம்பவே பிடித்திருந்தது. மனைவியின் தங்கையைக் கட்டிய அந்த மனிதருக்கு நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிற தொழில். ஒருநாள் அவர் தரையோடு தரையாகத் தாழ்ந்த, இரண்டே இருக்கை உள்ள, மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கிவந்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இவரை லேசில் விடவில்லை.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் இவரும் ஒன்று வாங்கிவிட்டார். அதே கம்பெனி, அதே மாடல், ஆனால் புத்தம் புதுசு; கருநீலம். வாங்கிவிட்டால் எரிச்சல் அடங்கிவிடும் என்று நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அடங்கவில்லை. காரணம், வாங்கின காரை அவரால் வெளியே எடுக்க முடியவில்லை. அவருடைய தொழில் அப்படி. பட்டறையில் மெழுகையும் மாவுக்கட்டியையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பல்லை ராவுகிறவர். மயிரிழை தூக்கி நின்றாலும் போட்டுக்கொள்கிறவரின் நாக்கு கண்டுபிடித்துத் திட்டிவிடும். அந்தக் கண்ணை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்தார். மழை பெய்தால் சேறு தெறிக்கும், வெயிலடித்தால் பெயின்ட் வெளுக்கும், காற்றடித்தால் மண் வாரும். ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாமென்றால் அன்றைக்குத்தான் ஓட்டத் தெரியாதவர்களெல்லாம் ரோட்டுக்கு வருவார்கள். ஆகவே கார் ஷெட்டுக்குள் உறை போட்டுக்கொண்டு சொகுசாக இருந்தது. இவர் பட்டறைக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்.

சகலையோ தன் காரைச் சைக்கிள் மாதிரி வைத்திருந்தார். கொட்டுகிற மழையிலும் மண்டை பிளக்கிற வெயிலிலும் கை விறைக்கிற குளிரிலும் அதில்தான் வேலைக்குப் போனார். எஞ்சின் பின்னால் இருக்கிற வண்டி என்பதால், முன்னால் மூடியைத் தூக்கினால் மருந்துப் பெட்டி. பக்கத்து இருக்கை முழுக்க நாய் முடி. கதவில் ஓர் ஆட்டுக்கிடா முட்டின பள்ளம். அதைக் கேட்கிறவர்களிடமெல்லாம் தடவிக் காட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் பல்செட்காரரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பல்செட்காரருக்கு ஒரே மகள். படித்து முடித்து, கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த அலுவலகம் சித்தப்பாவின் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இருந்து தொலைத்தது. தினமும் காலையில் மஞ்சள் கார் வந்து நிற்கும். அவள் நாய் முடியைத் தட்டிவிட்டு உட்காருவாள். கதவு சாத்துகிற சத்தத்துக்கு முன்னால் அவள் சிரிப்புச் சத்தம் கேட்கும். மாடி ஜன்னலில் பல் தேய்த்துக்கொண்டு நிற்கிற அப்பாவுக்கு வாயில் நுரையோடு காதில் புகையும் வரும். வீட்டில் அவள் இப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை.

"எப்பப் பாரு அவர் வண்டியிலதான் போகணுமா? நம்ம வீட்ல வண்டி இல்லையா?" என்று ஒருநாள் மனைவியிடம் பொரிந்தார்.

"இருக்கே. போத்திக்கிட்டு தூங்குது. எழுப்புங்க, போவா" என்றார் அந்த அம்மாள், துணி மடிப்பதை நிறுத்தாமல்.

அவர் எழுப்பவில்லை. அப்படியே மூன்று வருஷம் போயிற்று. பிறகு மகளுக்குத் தூரத்து நகரம் ஒன்றில் வேலை கிடைத்தது. ரயிலில் போகவேண்டும். பல்செட்காரர் விழித்துக்கொண்டார். ஸ்டேஷனுக்குத் தான்தான் கொண்டுபோய் விடுவேன், அதுவும் நீலக் காரில், என்று ஒற்றைக்காலில் நின்றார். இந்த ஒரு காலையாவது அவள் தன் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கவேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். சகலைக்கு போன் போட்டு, நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லும்போது குரலில் கொஞ்சம் மிடுக்குகூட வந்தது.

"அதுக்கென்னண்ணே, நீங்களே கூட்டிட்டுப் போங்க. ஆனா அந்த ஸ்டேஷன் ரோட்டுல வேகத்தடை எல்லாம் கொஞ்சம் உயரம். நேரா ஏத்தாம..."

"எனக்குத் தெரியும்" என்று போனை வைத்துவிட்டார். சகலை சொல்லித் தெரிந்துகொள்கிற அளவுக்குத் தான் இன்னும் இறங்கிப்போகவில்லை என்பது அவர் எண்ணம்.

காலையில் பார்த்தால் மழை. அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் காரை எடுத்தார். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இருக்கையில் ஒரு துண்டை விரித்தார், காலடியில் பிளாஸ்டிக் தாளைப் போட்டார். மூன்றாவது ஆளுக்கு இடமில்லாததால் மனைவி வாசலிலேயே மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, "போங்க, இன்னிக்காவது உங்க வயிறு குளிரட்டும்" என்றார்.

மகள் டாக்டர் அறையில் காத்திருப்பவள்போலக் காலை ஒடுக்கி உட்கார்ந்துகொண்டாள். சிரிப்பில்லை. பேச்சுக் கொடுக்கலாமென்றால் அவருடைய காது முழுக்க எஞ்சினில் இருந்தது. முதல் வேகத்தடையில் அடிப்பக்கம் கர்ரென்று உரசியது. அவருக்குப் பல் கூசியது. இரண்டாவதற்கு முன்னால் காரை நிறுத்தினார்.

"அம்மாடி, கொஞ்சம் இறங்கிக்கிறியா? ஒரு ஆள் பாரம் கொறஞ்சா தட்டாது."

அவள் மழையில் இறங்கினாள். கார் ஏறி இறங்கியது. அப்போதும் உரசியது. மூன்றாவதில் அவள் பையையும் இறக்கச் சொன்னார். பின்னால் பஸ்ஸும் லாரியும் ஹாரனை விடாமல் அடித்தன. பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மகள் ஓரமாக நடந்து வந்தாள். மறுபடி ஏறி உட்கார்ந்தாள். நான்காவது தெரிந்ததும் அவர் மறுபடி வாயைத் திறந்தார்.

"அப்பா, நீங்க இறங்குங்க" என்றாள் அவள்.

"நானா? எதுக்கு?"

"நான் ஓட்டறேன். ரயில் போயிடும்."

"லைசென்ஸ் வாங்கினா போதுமா? இந்த வண்டியெல்லாம் உனக்கு..."

"ஓட்டுவேன்ப்பா. சித்தப்பா தினமும் பாதி தூரம் எங்கிட்டதான் குடுப்பார்."

அவர் இறங்கினார். மழையில் காரைச் சுற்றிவந்து, தான் விரித்த ஈரத் துண்டின்மேல் தானே உட்கார்ந்தார். அவள் ஸ்டியரிங்கை ஒடித்துக் காரைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக மெதுவாக ஏற்றி இறக்கினாள். மதிலிலிருந்து பூனை இறங்குவதுபோல இருந்தது. சத்தமே இல்லை.

மிச்ச தூரம் முழுக்க அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொள்கிற விதம் சகலையுடையது. பஸ் குறுக்கே வந்தபோது உச்சுக்கொட்டியதும் சகலையேதான். ஒவ்வொன்றும் அவரைச் சுட்டது. கார் கிடக்கட்டும்; தன் பெண் இவ்வளவு அழகாக ஓட்டுவதை முதலில் பார்த்தவன் இன்னொருத்தன். மூன்று வருஷம், அத்தனை காலையும் அவன் பார்த்திருக்கிறான். அந்த நிமிஷத்தில் சகலை எதிரே வந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார்.

ஸ்டேஷனில் ரயில் நின்றிருந்தது. அவள் சாவியை அவர் கையில் வைத்தாள்.

"வண்டி சூப்பர்ப்பா. சித்தப்பா வண்டியைவிட நல்லா இழுக்குது."

பல்செட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இதைக் கேட்கத்தானே வாங்கினார். ராத்திரியே சகலைக்கு போன் போட்டு, சாதாரணமாகச் சொல்வதுபோல இதைச் சொல்லிவிடவேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டார். அவள் பையை ஏற்றிவிட்டு ரயில் வாசலில் நின்று திரும்பினாள்.

"ஏம்ப்பா, இத்தனை நாள்ல என்னை ஒரு தடவைகூட இதுல கூப்பிடல?"

"மழைம்மா... சேறு..."

"இன்னிக்கும் மழைதானே?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள்போல ரயில் நகரும்வரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து, சகலையைத் திட்ட ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அவள் தன் உயரத்துக்கு இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டிருந்தாள். அவருடைய முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. அதைப் பின்னால் தள்ளாமல், இடித்துக்கொண்டே வீடுவரை ஓட்டினார்.