இரண்டாவது பெண்ணின் பெயர்

என் அக்காவுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை என்று நர்ஸ் வந்து சொன்னபோது அம்மா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்பா தலையாட்டினார். நான் தேநீர் வாங்கப் போனேன். அம்மாவின் பெயரை இனி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தபோது எனக்குள் எதுவும் அசையவில்லை.

அக்காவைக் கட்டியவர் மலையாளி. அவர்கள் வீட்டில் முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர், இரண்டாவது பெண்ணுக்கு அம்மாவைப் பெற்றவளின் பெயர். நாங்கள் சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டக் கூலிக்காரர்களின் லயத்தில் வளர்ந்தவர்கள். எங்களிடம் அப்படி ஒரு முறை இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போனது அந்த வழக்கம்தான். ஏலக்காய் எடுக்கப் போன இடத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். "மொதப் புள்ள அவுகளுக்கு. ரெண்டாவது எனக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவ பேரு, இங்கிலீசு பள்ளிக்கூடத்துல கூப்பிடுவாக பாருங்க."

அம்மாவின் பெயர் இசபெல்லா. அக்காவின் மாமியார் பெயர் ஏலிக்குட்டி.

இரண்டும் ஒரே பெயர் என்று கண்டுபிடித்துச் சொன்னது நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பாலக்காட்டில் கல்லூரியில் படித்தபோது தெரிந்துகொண்டேன். மூலம் எபிரேயம்: எலிசேபா, ஆரோனின் மனைவி. கடவுளின் பேரில் இட்ட ஆணை என்று பொருள் சொல்கிறார்கள். கிரேக்கம், லத்தீன் வழியாகப் போய் எலிசபெத் ஆனது. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் தலையும் வாலும் தேய்ந்து இசபெல் ஆனது. கப்பலில் வந்தவர்கள் அதை நம் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் அம்மாவைப் பெற்றவர்கள் அங்கிருந்து மலையேறியவர்கள். மலையாளத்தில் அதே எலிசபெத் சுருங்கி ஏலி, ஏலியம்மா, ஏலிக்குட்டி.

மூத்தவளுக்கு மாமியாரின் பெயரை வைத்த ஞானஸ்நானத்தன்று, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். மேசையே திரும்பிப் பார்த்தது. மாமியார் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கில் நம்ம ரெண்டாளும் ஒரே பேருகாரி அல்லே."

"அப்ப இப்பமே எம்பேரும் வச்சாச்சுன்னு சொல்லுங்க மதனி," என்றாள் அம்மா. "அப்ப எனக்கு ரெண்டு வாட்டி."

எல்லாரும் சிரித்தார்கள்.

அக்கா இரண்டாவதைச் சுமந்துகொண்டிருந்தபோது, ஆடி மழையில் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப் பூப்பாறை தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு நடந்தவை எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கின்றன. ஆனால் வேறு யாரோ சொல்லிக் கேட்டவை மாதிரி.

குழந்தைக்கு என்ன பெயர் என்று பேச்சு வந்த அன்று மாமியார் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். "‘ஆன்’னு வைக்கலாம். நல்ல பேராக்கும்," என்றார்.

"அம்மா பேரு வைக்கணும்ல," என்றேன்.

"அது மூத்தவளுக்கு வச்சதல்லே மோளே? ரெண்டும் ஒண்ணுன்னு நீயல்லே பறஞ்சது. ஒரு வீட்டில ஒரே பேரு ரெண்டு பிள்ளைக்கு எதுக்கு?"

அவர் குரலில் சண்டை இல்லை. நான் சொன்னதை நம்பியிருக்கிறார், அவ்வளவுதான். அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த வீட்டில் வாதாடிப் பழக்கமில்லை. குழந்தைக்குத் துணி மாற்றும் சாக்கில் என்னை உள்ளே கூட்டிப்போனாள். "நீதான படிச்சவ. பேசி வாங்கிக் குடுளா. அம்மா ஆசப்பட்டது இது ஒண்ணுதான்."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். மாமியாரிடம் மலையாளத்திலேயே பேசினேன். மூலம் ஒன்றுதான், அது பொய்யில்லை என்றேன். ஆனால் தோட்டத்தில் யாராவது ஏலிக்குட்டி என்று கூப்பிட்டிருந்தால் எங்கள் அம்மா திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள். இசபெல்லா என்றால்தான் திரும்புவாள். அந்தப் பெயர் இன்னும் யாருக்கும் வைக்கப்படவில்லை.

மாமியார் ஒரு கிழங்கை முழுதாக நறுக்கி முடித்தார். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்," என்றார். பிறகு, "சரி. தலை தொடுறது நீயல்லே. அச்சன் கேட்கும்போ நீயே சொல்லு."

தலை தொடுவது என்றால் ஞானத்தாயாக நிற்பது; அச்சன் என்றால் பாதிரியார். மறு ஞாயிறு கோயிலில் அச்சன் பெயர் கேட்டார். "இசபெல்லா," என்றேன். பிறந்ததிலிருந்து அம்மாவின் பெயரை நான் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. அச்சன் அதைத் திருப்பிச் சொல்லி மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். குழந்தை வீறிட்டது. அழுகை வரும் என்று முந்தானையைக் கையில் தயாராக வைத்திருந்தேன். குழந்தையின் தலையைத் துடைக்க உதவியது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட எங்களில் ஆள் இல்லை. அக்காவுக்கு வாய் வரவில்லை. "அம்மாவப் பேரு சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருக்குளா," என்று பாப்பா என்றே கூப்பிட்டாள். அப்பா அம்மாவை எந்நாளும் "ஏட்டி" என்றுதான் அழைத்தவர். நானும் பாப்பா என்றுதான் சொன்னேன். மாமியாருக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. அவர் உள்ளறையில் குழந்தையை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "இசபெல்லே, எடீ இசபெல்லே, இங்கோட்டு நோக்கு," என்று வீடு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முன்னறையில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது. கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"யாரக் கூப்பிடுதாக?"

"பிள்ளையத்தாம்ப்பா," என்றேன்.

"ம்," என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்தார். நான் குழம்பு ஊற்றினேன்.